விரல் நுனியில் ஊசி குத்துவது பக்கவாதத்துக்கு மருந்தல்ல

பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனிகளிலும் தையல் ஊசியால் குத்தி இரத்தம் வடியவிட்டால் சில நிமிடங்களில் எழுந்துவிடுவார் என்றும், அதுவரை அவரை அசைக்கவே கூடாது என்றும் கூறும் செய்தி, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றிவருகிறது. இது தவறு.

பக்கவாதம் நிகழ்வது மூளையில். அங்கே ஓர் இரத்தக் குழாய் அடைபடுகிறது அல்லது வெடிக்கிறது. உடலை அசைக்கும் கட்டளையைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத் தண்டின் அடியில் மறுபக்கத்துக்கு மாறுவதால், இடது மூளை பாதிக்கப்பட்டவரின் வலது கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவுகிறது. வாய் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது. விரலில் சிந்தும் நாலு சொட்டு இரத்தத்தால் அந்த அடைப்பு விலகாது. சிலருக்கு அடைப்பு தானாகவே விலகிவிடுவதுண்டு. பெயர் மட்டும் ஊசிக்குப் போய்விடுகிறது.

அடைப்பைக் கரைக்கும் மருந்தை, ஸ்கான் எடுத்து மூளையில் இரத்தக்கசிவு இல்லையென்று கண்ட பின், பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். காட்டோரக் கிராமங்களிலிருந்து நெடுந்தூரம் வரவேண்டிய நம்மவருக்கு, ஊசி தேடும் நிமிடங்களும் இழப்பே. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய இலவச நோயாளர் காவு வண்டியைப் பெறலாம். ஐயமிருப்பவர்கள் அரச வைத்தியசாலை வைத்தியரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம்; அந்தச் செய்தியை மட்டும் இனி எவருக்கும் அனுப்ப வேண்டாம்.