புடினிடம் பேட்டி கேட்க ஆளே இல்லையா?

"உக்ரைன் போர் தொடங்கிய பிறகு புடினைப் பேட்டி காண மேற்கத்திய நிருபர் ஒருவர்கூட மெனக்கெடவில்லை, டக்கர் கார்ல்சன் மட்டும்தான் போனார்" என்ற பேச்சு இன்னும் சுற்றுகிறது. 2024 பிப்ரவரியில், அமெரிக்கத் தொலைக்காட்சியான ஃபாக்ஸ் நியூஸை விட்டு விலகியிருந்த தொகுப்பாளர் கார்ல்சனே மாஸ்கோவிலிருந்து வீடியோவில் சொன்னது இது. தவறு. அதை மறுத்ததே கிரெம்ளின்தான்! பேட்டி கேட்டு ஏராளமான கோரிக்கைகள் வருகின்றன, பெரிய மேற்கத்திய ஊடகங்களோடு பேச எங்களுக்குத்தான் விருப்பமில்லை என்றார் புடினின் செய்தித் தொடர்பாளர் பெஸ்கோவ். கார்ல்சனின் நிலைப்பாடு வேறு என்பதால் அனுமதித்தார்களாம். பிபிசியின் ஸ்டீவ் ரோசன்பர்க்கும் பல முறை கேட்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும் 'முடியாது' என்றே பதில். அப்புறம், அமெரிக்க நாளிதழான வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் நிருபர் எவன் கெர்ஷ்கோவிச் அப்போது ரஷ்யச் சிறையில் இருந்தார். அவரை விடுவிக்கும்படி அதே பேட்டியின் கடைசியில் கார்ல்சனே புடினிடம் கேட்டார்.