ரோமானியன் கீறியதைக் காட்டி நீயும் கீறாதே

பாறையில் சாவியால் பெயர் கீறுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. பல வருடமாக எரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அது உச்சத்துக்குப் போய்விட்டது, அதனால்தான் இந்தப் பதிவு.

மன்ஹைமிலிருந்து நாலாம் நம்பர் டிராமில் ஏறினால் லுட்விக்ஸ்ஹாஃபனைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடி, பாட் டூர்க்ஹைமில் கொண்டுபோய் விடும். ஜெர்மனியின் ஃபால்ட்ஸ் பகுதி இது. மூலைக்கு மூலை ஒயின். அக்டோபர் கடைசி என்பதால் கொடிகளெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. ஊருக்கு மேலே காட்டுப் பாதையில் கஷ்கொட்டைகள் முள் ஓட்டோடு கொட்டிக் கிடந்தன. இந்த ஊர்க்காரர்கள் அதை 'கெஷ்டெ' என்பார்கள். நாங்கள் எட்டுப் பேர், எல்லோரும் தமிழர்கள், பாதிப் பேர் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். "அண்ணா, நல்ல இடமா ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கே கூட்டிப்போனேன். க்ரீம்ஹில்டன்ஸ்டூல்.

பெயரைக் கேட்டால் ஏதோ அரசியின் அரியணை என்று தோன்றும். பழங்கதையின் க்ரீம்ஹில்டை நினைத்து ஊரார் வைத்த பெயர் அது. உண்மையில் அது ரோமானியர்களின் கல்குவாரி. கி.பி. 200 வாக்கில் மைன்ஸ் நகரில் முகாமிட்டிருந்த 22ஆம் லீஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவின் வீரர்கள் இங்கே வந்து மணற்கல் வெட்டினார்கள். அவர்களின் உளி போன தடம் சுவர் முழுக்கச் சாய்கோடுகளாக இன்றைக்கும் இருக்கிறது. கல்லைப் பிளக்க ஆப்பு இறக்கிய பள்ளங்கள் இருக்கின்றன. அப்புறம் அந்தச் சுவரிலேயே அவர்கள் கீறிய படங்கள்: குதிரைகள், சக்கரங்கள், லீஜியனின் பெயர், வீரர்களின் பெயர்கள். குவாரி கைவிடப்பட்ட பிறகு இடிபாடும் மண்ணும் சேர்ந்து மூடிக்கொண்டன. 1930களில் தோண்டிச் சுத்தம் செய்தபோதுதான் முழுதாக வெளியே வந்தது. அத்தனை நூற்றாண்டுகள் மண் பத்திரமாக வைத்திருந்த சுவரை நூறு வருடம்கூட நம்மால் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

நான் மேலே இருந்த ஒரு குதிரையைக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கரக் கரக் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் கூட வந்த தம்பி ஒருவன் வீட்டுச் சாவியால் சுவரில் இதயம் வரைந்து முடித்துவிட்டான். உள்ளே இரண்டு எழுத்து, அதுவும் தமிழில். கீழே அவன் காலணி மேல் மணற்பொடி உதிர்ந்து கிடந்தது.

கத்திவிட்டேன். அந்தக் குவாரிக்குள் என் குரல் எனக்கே எதிரொலித்தது.

அவன் சிரித்தான். "டென்ஷன் ஆகாதீங்கண்ணா. ரோமன்காரனும் இதைத்தானே பண்ணியிருக்கான்? அவன் கீறினா வரலாறு, நாம கீறினா குத்தமா? இன்னும் ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு என் பேரையும் எவனாவது ஆராய்ச்சி பண்ணுவான்."

மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். அவன் கீறியதைவிட அந்தச் சிரிப்புதான் என்னை அதிகமாகச் சுட்டது. இந்த வாதத்தை இப்போதுதான் முதல்முறை கேட்கிறேன் என்றால் விட்டிருப்பேன். ஜெர்மன்காரர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன், ஸ்பானியச் சுற்றுலாப் பயணி ஒருவரிடமும் கேட்டிருக்கிறேன். இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த வீரன் கீறியபோது அது வேலை நடந்துகொண்டிருந்த குவாரி. இன்றோ நாளையோ வெட்டி எடுக்கப்படப்போகிற கல். நாள் முழுக்க உளியும் சம்மட்டியுமாக நின்றவன், கைக்கு ஓய்வு கிடைத்த நேரத்தில் தான் வெட்டிய கல்லிலேயே ஒரு குதிரை போட்டான். அந்தக் கீறல்கள் இருப்பதால்தான் இங்கே வேலை செய்தது எந்தப் படை, எந்தக் காலம் என்று நமக்குத் தெரிகிறது. வேறு எந்த ஏட்டிலும் அந்த மனிதனின் கை கிடையாது. தம்பி, உனக்கு அப்படியா? நீ வந்து போன நாள், நேரம், நின்ற இடம் எல்லாம் உன் போனிலேயே இருக்கிறது. அதே இடத்தில் நாற்பது போட்டோ எடுத்தாய். உன் காதலுக்குச் சாட்சி சொல்ல ஆயிரத்து எண்ணூறு வருடப் பழைய சுவர் எதற்கு?

இன்னொன்று. உன் கீறல் காலியான இடத்தில் விழவில்லை. நீ வெறும் சுவர் என்று நினைத்த இடத்தில் உளித்தடம் இருந்தது. அந்த உளித்தடத்தின் மேல்தான் உன் இதயம் இருக்கிறது.

இந்தப் பாறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஒரு சின்னக் கோடுதானே" என்கிறார்கள். ஃபால்ட்ஸ் காட்டில் பெரும்பாலும் செம்மணற்கல். ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த ஆற்று மணல்தான் இறுகிக் கல்லாகியிருக்கிறது. அதன் நிறம் இரும்புத் துருவின் நிறம். கருங்கல் போல் நினைத்துவிடக் கூடாது. வெளியே கிடந்து கிடந்து மேலே மெல்லிய தோல் மாதிரி இறுகியிருக்கும், உள்ளே நகத்தால் சுரண்டினால்கூட மணலாக உதிரும். சாவி கிழிப்பது அந்தத் தோலை. கிழிந்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து பனிக்கட்டியாகி விரியும், உருகும், மறுபடி உறையும். குளிர்காலங்கள் போகப்போக உன் இரண்டு எழுத்தும் உதிரும், அதைச் சுற்றியிருக்கிற சுவரும் உதிரும். இரண்டாயிரம் வருடம் நிற்கும் என்று நினைத்தாயே, உன் பெயர் அவ்வளவு காலம் நிற்காது. போகும்போது ரோமானியனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

ஹின்டர்வைடன்டால் ஊரில் டாய்ஃபல்ஸ்டிஷ் இருக்கிறது, சாத்தானின் மேசை என்று பொருள். 14 மீட்டர் உயரம். ஒல்லியான காலின் மேல் பிரம்மாண்டமான கல் பலகை. மேலே இருந்த கெட்டியான அடுக்கு தாங்கிக்கொண்டது, கீழே இருந்த மென்மையான அடுக்கு காற்றிலும் மழையிலும் கரைந்து கால் மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவுதான் அதன் கதை. அத்தனை எடையையும் தாங்கி நிற்பது அந்த மெலிந்த கால்தான். வருகிறவர்கள் எங்கே கீறுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கைக்கு எட்டுகிற இடத்தில், அந்தக் காலில்! முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லிம்பர்க் மடத்திலும் இதே கதை. இதே பாட் டூர்க்ஹைமுக்கு மேலே, சாலிய வம்சத்துப் பேரரசர் இரண்டாம் கொன்ராட் தன் கோட்டை இருந்த மலையில் எழுப்பிய மடம். 1504இல் லைனிங்கன் பிரபுவின் படை கொளுத்தியது. அந்தத் தீயையும் தாங்கி நின்ற சுவர்களில் இப்போது மார்க்கர் பேனா.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்குக் காலையில் திராட்சைத் தோட்டம் வழியாகத்தான் மேலே ஏறினோம். அறுவடை முடிந்தும் அங்கங்கே கொடியில் குலைகள் தொங்கின, கைக்கு எட்டுகிற உயரத்தில். எட்டுப் பேரில் ஒருவரும் ஒரு பழம் பறிக்கவில்லை. அதே தம்பிதான் சொன்னான்: "தொடாதீங்கடா, யாரோ கஷ்டப்பட்டு வளர்த்தது." எவ்வளவு நல்ல வார்த்தை! அந்த வார்த்தை சொன்ன வாய் ஈரம் காயுமுன் அந்தக் கை சாவியை எடுத்தது. கொடிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவர் வந்து கேட்பார். பாறைக்கு ஆள் இல்லை என்று நினைப்பு. திராட்சை அடுத்த வருடம் காய்க்கும். அந்தக் குதிரை மறுபடி காய்க்குமா?

ஆள் இல்லை என்பதும் பொய். ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 304ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பொதுச் சின்னங்களையும் இயற்கைச் சின்னங்களையும் சேதப்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். விசாவில் இருக்கிறவர்கள் ஒரு இதயத்துக்காக இதில் மாட்டிக்கொள்ள வேண்டுமா? ஆனால் சிறைக்குப் பயந்து கீறாமல் இருப்பவனைக் கண்டு எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் வரப்போவதில்லை. அந்தக் குதிரையைப் பார்த்ததும் கை தானாகப் பின்னால் போக வேண்டும். அதுதான் நான் கேட்பது.

ஊர் நினைப்பும் வந்து தொலைக்கிறது. செஞ்சிக் கோட்டைச் சுவரைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? இதயம், அம்பு, பெயர், பட்டப்பெயர். கல்லூரிச் சுற்றுலா போன எல்லோருக்கும் தெரியும். 2025இல் அதை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது நாமெல்லாம் ஸ்டேட்டஸ் வைத்தோம். அதே பழக்கத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து ஃபால்ட்ஸ் காட்டிலும் இறக்க வேண்டுமா? இங்கே பெரும்பாலான கிறுக்கல்கள் ஜெர்மன் பெயர்கள்தான், அதை மறைக்கவில்லை. அதற்காக, தமிழ் எழுத்தை அந்தச் சுவரில் பார்த்தபோது எனக்கு வந்த வலி குறையவில்லை. அந்த எழுத்தை நான் எங்கே பார்த்தாலும் முகம் மலர்கிறவன்.

திரும்பி வரும்போது டிராமில் யாரும் அதிகம் பேசவில்லை. இரவு அந்தத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. "ஸாரிண்ணா. நீங்க சொன்னது இப்பத்தான் உறைக்குது. அடுத்த சனிக்கிழமை போய் உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு அழிச்சிடுறேன்."

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி, நீ மனம் மாறியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் தயவுசெய்து உப்புத்தாளோடு அங்கே போகாதே. தேய்த்தால் உன் கோட்டோடு சுற்றியிருக்கிற தோலும் போகும், மிச்சமிருக்கிற உளித்தடமும் போகும். சிமென்ட் பூசலாம் என்றும் யோசிக்காதே, தண்ணீரும் வேண்டாம், பிரஷ்ஷும் வேண்டாம். எந்தச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்றைக்கு நடந்தது என்று எழுதி, ஒரு போட்டோ வைத்து, நினைவுச் சின்னங்களைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்துக்கு அனுப்பு. ஜெர்மனில் எழுத வரவில்லை என்றால் என் வீட்டுக்கு வா, சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம். சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன்.