குளோரின் கசிந்தால் தரையில் படுக்கலாமா?

"வாயு கசிந்தால் தரையோடு படுங்கள், சிலிண்டர் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். தீயணைப்பு வீரர்களுக்கே இதுதான் பயிற்சி." மும்பை செம்பூர், தாராவி தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

குனிந்து தவழ்வது தீப்புகைக்குச் சரி. சூடான புகை மேலே ஏறும். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது, தரையில்தான் தேங்கும். படுத்தால் அதற்குள்ளேயே போய் விழுவீர்கள். 2010 ஜூலையில் சிவ்ரி ஹாஜி பந்தரில் சிலிண்டரிலிருந்து கசிந்து பலரை மருத்துவமனைக்கு அனுப்பியதும் இதே குளோரின்தான்.

தண்ணீர் யோசனை இன்னும் மோசம். குளோரினோடு ஈரம் சேர்ந்தால் அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும், ஓட்டை பெரிதாகும். பயிற்சி பெற்றவர்கள் தூரத்திலிருந்து நீர்த்திரை போட்டு வாயு மேகத்தை அடக்குவார்களே தவிர, கசியும் இடத்தில் பீய்ச்ச மாட்டார்கள். அவர்கள் முதலில் கற்பது அவசரப்படாமல் இருக்கத்தான்: காற்று வரும் பக்கம் நின்று, டேங்கர் பலகையின் எண்ணைத் தொலைவிலிருந்தே படிப்பது (1017 குளோரின், 1005 அம்மோனியா). அப்புறம்தான் சுவாசக் கருவி, முழு உடை எல்லாம்.

நீங்கள் காற்றுக்குக் குறுக்காக, மேடான பக்கம் விலகுங்கள். முடியாவிட்டால் மேல்மாடிக்குப் போய் ஜன்னல்களை அடைத்துவிட்டு 112-ஐ அழையுங்கள்.