கம்பனும் வேதாகமமும் ஒரே மேசையில்

பிற சமய நூல்களைப் படித்தால் விசுவாசம் தளர்ந்துவிடும் என்று கிறிஸ்தவ சபையில் சிலர் சொல்வதாக உங்கள் கட்டுரையில் வருந்தியிருக்கிறீர்கள், ஐயா. நானும் ஒரு சபைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். இந்தப் பேச்சு எனக்கும் பழக்கம்தான். அப்போதெல்லாம் கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையைத்தான் நினைவூட்டுவேன். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காகக் கம்பனையும் ஆழ்வார்களையும் அவர் மூட்டை கட்டி வைத்துவிடவில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யனின் ‘பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்’ கதையைத் தழுவி 1894இல் அவர் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ காவியம் முழுக்கக் கம்பனின் நடை தெரியும். அதில் வரும் ‘சத்தாய் நிஷ்களமாய்’ பாட்டை நம் ஆலயங்களில் இன்றும் உருகிப் பாடுகிறோமே! பாசுரங்களில் ஊறாத ஒருவரால் அப்படி எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பழைய பாட்டை வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் குறள், ஒருநாள் திருவாசகம். அவர்கள் கேள்வி கேட்கிறார்கள், நானும் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் என் ஜெபம் குறையவில்லை ஐயா, இன்னும் கவனமாகத்தான் ஆகியிருக்கிறது. அப்புறம், நீங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்கு எந்தெந்த நூல்களை வாசிக்கக் கொடுக்கிறீர்கள் என்று அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.