கறுப்புச் சாய வேஷம்: எதிர்ப்பு நேற்று முளைத்ததல்ல

வெள்ளையர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி நடிப்பதை அந்தக் காலத்தில் யாரும் தவறாக நினைக்கவில்லை, சமூக ஊடகம் வந்த பிறகுதான் அது பிரச்சினை ஆனது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்வதால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பத்திரிகை நடத்திய அமெரிக்கக் கறுப்பர் ஃபிரெடெரிக் டக்ளஸ், 1848 அக்டோபர் 27 தேதியிட்ட தன் ‘நார்த் ஸ்டார்’ இதழிலேயே இதைச் சாடியிருக்கிறார். இயற்கை தங்களுக்குத் தராத நிறத்தை எங்களிடமிருந்து திருடிக் காசு பார்க்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. வெள்ளைச் சமூகத்தின் கசடுகள் என்றும் திட்டியிருக்கிறார். இன்றைய சமூக ஊடகச் சண்டையெல்லாம் அதற்கு முன்னால் சாதாரணம். அமெரிக்காவில் அடிமை முறையே அப்போது ஒழியவில்லை. கருக்கிய கார்க்கைக் குழைத்து முகத்தில் அப்பி, உதட்டைப் பெரிதாக வரைந்து, கறுப்பர்களை முட்டாள்களாகக் காட்டும் மேடைக் கூத்துகள் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. அரங்கில் கூட்டம் சிரித்தது உண்மைதான். அதை வைத்து, கேலிக்கு ஆளானவர்களும் சும்மா இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

பிரிட்டனிலும் 1967இல், இத்தகைய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை நிறுத்தச் சொல்லி பிபிசிக்கு மனு போனது. அப்புறமும் 1978 வரை அது ஓடியது வேறு கதை.

சரிபார்க்க நினைப்பவர்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையதளத்தில் டக்ளஸின் பத்திரிகைத் தொகுப்பைத் தேடுங்கள். இலவசம்தான். ஹட்சின்சன் குடும்பப் பாடகர்களைப் பற்றிய கட்டுரையில் இது வருகிறது. எழுத்து பொடியாக இருக்கும், பெரிதாக்கிப் படியுங்கள்.