இடமில்லை என்றால் விற்றுவிடுவதா?
பேஸ்பாலில், மேலே முதன்மை அணியில் தன் இடம் காலியில்லாத மைனர் லீக் (கீழ்நிலை லீக்) வீரரை நல்ல விலை கிடைக்கும்போதே டிரேட் செய்துவிட (வேறு அணிக்குக் கொடுத்து பதிலுக்கு ஆள் வாங்கிவிட) வேண்டும் என்று ஒரு கட்டுரை அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1990 ஆகஸ்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அதைத்தான் செய்தது, மூன்றாவது பேஸ் என்ற ஃபீல்டிங் இடத்தில் வேட் பாக்ஸ் இருக்கிறாரே என்று, அதே இடத்தில் ஆடிய மைனர் லீக் வீரர் ஜெஃப் பேக்வெல்லை ஹூஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டு 37 வயது பந்துவீச்சாளர் லாரி ஆண்டர்சனை வாங்கினார்கள், அவர் அந்த சீசனில் பாஸ்டனுக்கு வீசியது வெறும் 22 இன்னிங்ஸ். ஹூஸ்டனிலும் மூன்றாவது பேஸ் காலியாக இல்லை, கென் காமினிட்டி இருந்தார். ஆனால் அவர்கள் பேக்வெல்லை முதல் பேஸுக்கு மாற்றினார்கள், 1991-லேயே சிறந்த புதுமுக வீரர், 1994-இல் எம்விபி (லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர்) விருது, மொத்தம் 449 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி). பாக்ஸோ 1992-க்குப் பிறகு பாஸ்டனை விட்டே போய்விட்டார். நன்றாக அடிக்கிற பையனை முதலில் வேறு இடத்தில் ஆடவிட்டுப் பாருங்கள், டிரேட் பேச்செல்லாம் அப்புறம்.