உதட்டுப் புள்ளிகளையும் பாருங்கள்

குடல் அடைப்பு திரும்பத் திரும்ப வருவதற்குப் பழைய அறுவைக்குப் பின் குடல் ஒட்டிக்கொள்வதே காரணம் என்று உங்கள் கட்டுரை முடித்துவிடுகிறது. குடலில் பாலிப் எனும் சதை வளர்ச்சிகளும், உதட்டிலும் வாய்க்குள்ளும் கரும்புள்ளிகளும் தோன்றும் பரம்பரை நோயான பியூட்ஸ்-ஜெகர்ஸையும் சொல்லியிருக்கலாம். கோத்தகிரியில் வசிக்கும் என் தம்பிக்கு இருமுறை வயிற்றைத் திறந்த பிறகுதான், சிறுகுடலில் வளர்ந்த பாலிப் ஒன்று குடலைத் தன்னோடு இழுத்து, மடித்த சட்டைக் கைபோல அடுத்த பகுதிக்குள் செருகிவிட்டிருந்தது தெரிந்தது. சிறுவயதிலிருந்தே அவன் கீழுதட்டில் மிளகுப்பொடி தூவியதுபோல இருந்த கரும்புள்ளிகளுக்கு, மலைக்குளிரில் உதடு கறுத்ததென்று நினைத்து அம்மா வெண்ணெய் தடவி வந்தார் (நாங்களும் நம்பினோம்). எஸ்டிகே11 மரபணுப் பிழையால் வரும் இந்நோய் பிள்ளைகளுக்குச் செல்ல 50 சதவீத வாய்ப்பு உண்டு. அறிகுறி இல்லாவிட்டாலும் 8 வயதிலேயே குடலைச் சோதித்து, பெரிய பாலிப்களை எண்டோஸ்கோப்பி வழியே முன்கூட்டி அகற்றினால், நள்ளிரவில் வாந்தியோடு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேட்டுப்பாளையம் இறங்க வேண்டிய அவசரம் வெகுவாகக் குறையும். தம்பி மகளுக்கு இப்போது 7 வயது. கன்னத்தின் உட்புறத்தில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன.